டார்லீன் வீடு மதிலோரம் நின்ற நாற்பத்தொரு நாள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் அளந்தவள், அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. அட்லாண்டிக் கடலோரத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்காட் என்கிற சின்ன ஊரில், நவம்பர் மாதத்துப் பௌர்ணமிக்கு மறுநாள், கடல் முழுக்க ஏறி நின்ற காலை பதினொன்றே காலுக்கு, முந்நூற்று நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த டோல் வீடு எழுந்து, கடலுக்கு முதுகைக் காட்டியபடி, மேற்கே ஓரடி எடுத்து வைத்தது.

அந்த நேரம் வீட்டுக்காரி டார்லீன் டோல் அடுப்பில் மீன் சூப் வைத்திருந்தாள். அவளுக்கு அறுபது வயது, புருஷன் இல்லை, தனியாகப் படகெடுத்துப் போய்க் கூண்டு போட்டுச் சிங்கி இறால் பிடிக்கிறவள். சட்டி லேசாக நகர்ந்ததும் அடுப்பைத் தணித்தாள், வெளியே போய்ப் பார்த்தாள், வீட்டுக்கும் பழைய அஸ்திவாரக் கல்லுக்கும் நடுவே ஓரடி மண் தெரிந்தது. திரும்பி வந்து சூப்புக்கு உப்புப் போட்டாள், ருசி பார்த்தாள், அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்தாள். வீடு நகர்ந்துவிட்டது, மேப்பில் திருத்த வேண்டியிருக்கும், அவசரமில்லை, சாப்பிட்டுவிட்டு வா என்றாள்.

எனக்கு ஏன் போன் என்றால், நான்தான் ஊர் சர்வேயர். பெயர் ஞானப்பூ மச்சாது, தூத்துக்குடிக்காரி, கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் மண்ணை அங்குலம் அங்குலமாக அளக்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் 'பூ'. கடல் கரையைத் தின்னும் என்று எனக்கு ஒருத்தரும் வகுப்பெடுக்க வேண்டாம், அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். வீடு எழுந்து நடக்கும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. டேப்பைப் பிடித்து அளந்தேன், பன்னிரண்டு அங்குலம், ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. அளந்த பிறகு என்னத்தை ஆச்சரியப்பட, எழுதிக்கொண்டேன்.

இந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் வந்து இறங்கிய காலத்து மரவீடுகள் இந்தக் கரையிலே இத்தனை ஒரே ஊரில் நிற்பது அபூர்வம் என்று இவர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. கருவாலி மரச் சட்டம், நடுவிலே யானை நுழைகிற அளவுக்குப் புகைபோக்கி, கட்டம் கட்டமாகச் சின்ன ஜன்னல், இப்படி ஐந்து வீடு. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கட்டியவன் பெயர், தொழில், வருஷம். டார்லீன் வீட்டில் 'ஐசக் டோல், செருப்புத் தைப்பவர், 1678' என்றிருக்கும். அந்த வருஷ எண்தான் இங்கே கௌரவம். இரண்டு பேர் சண்டை போட்டால் ஒருத்தரை ஒருத்தர் திட்ட மாட்டார்கள், வருஷத்தைச் சொல்லிக்காட்டுவார்கள்.

ஐந்திலும் மூத்தது 1669, அது எல்ஸ்வொர்த் பிங்க்ரி வீடு. அவர் எழுபத்துநாலு வயது, மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், ஊர் வரலாற்றுச் சங்கத்துத் தலைவர். ஐந்து வீட்டில் யார் ஓர் ஆணி மாற்ற வேண்டுமென்றாலும் அவர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். கெட்டவரில்லை, ஆனால் அந்த 1669 அவர் முதுகெலும்பு மாதிரி, அது இல்லாமல் அவரால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாது.

அந்த வாரம் முடிவதற்குள் ஐந்தில் நான்கு வீடு நடக்கத் தொடங்கிவிட்டன. கடல் ஏறுகிற நேரத்துக்கு ஓரடி, ஒரு நாளில் கடல் இரண்டு தடவை ஏறும், ஆக நாளுக்கு இரண்டடி. ஏன் நடக்கின்றன என்று ஊரில் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், குப்பை வண்டி எந்த வாசலுக்கு வரும் என்று கேட்டவர்கள் இருநூறு பேர். ஊர்க்கூட்டம் கூடியது, இங்கே அது பழைய வழக்கம், பெரிய மனுஷன் சின்ன மனுஷன் எல்லாம் ஒரே ஹாலில் உட்கார்ந்து கைதூக்கித் தீர்மானம் போடுவார்கள். பனி அள்ளுகிற வண்டிக்காரன் நடக்கிற வீட்டைச் சுற்றி எப்படிப் போவது என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள், வீட்டுக்குக் கால் எங்கே முளைத்தது என்று ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. கடைசியில் மூன்று தீர்மானம். வீடு எங்கே நிற்கிறதோ அன்றைக்கு அந்த மண் அந்த வீட்டினுடையது. கடல் ஏறுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சர்ச் மணி அடிக்க வேண்டும், சட்டி பானை பிடித்துக்கொள்ள. நடக்கிற வீட்டுக்காரர், தன் வீட்டுக்கு முன்னால் இருப்பது யாருடைய இடமோ அவர் கதவைக் காலை எட்டு மணிக்குத் தட்டி 'இன்னிக்கு?' என்று கேட்க வேண்டும், அவர் 'சரி' என்றால்தான் வழி.

வீடுகளும் அதற்குக் கட்டுப்பட்டன, அதுதான் விசேஷம். ஒரு ரோஜாச் செடியைக்கூட அவை மிதித்ததில்லை. முன்னால் எதுவாவது இருந்தால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், மனுஷர் வந்து எடுத்துவைத்தால்தான் அடுத்த அடி. குழாய்க்காரன் அறுபது அடி ரப்பர் குழாய் மாட்டிக் கொடுத்தான், மின்சாரக்காரன் கம்பியைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்டான், தபால்காரன் தபால் பெட்டிக்குச் சக்கரம் வைக்கச் சொன்னான். மடக்கு நாற்காலியோடு வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், ஒரு தடவைக்கு ஓரடி பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று முகம் சுண்டித் திரும்பிப் போனார்கள். டார்லீன் வீடு முன்னாலிருந்த ஊர்ப் பாதையைக் கடக்கப் பதினாறு நாள் எடுத்துக்கொண்டது. அத்தனை நாளும் போலீஸ்காரன் தினம் வந்து, இங்கே நிறுத்தக்கூடாது என்று ஒரு சீட்டைக் கதவில் ஒட்டிவிட்டு, உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டுப் போனான்.

முதல் அடியிலேயே நான்கு வீட்டிலும் புகைபோக்கி ஓரத்துச் சுவர் ஒரே இடத்தில் விரிந்தது. விரிசலுக்குள் பார்த்தால் ஒரு செருப்பு. ஒற்றைச் செருப்பு, ஜோடி கிடையாது, அடி தேய்ந்து ஓட்டை விழுந்தது. அந்தக் காலத்தில் வீடு கட்டினால் போட்டுத் தேய்ந்த செருப்பில் ஒன்றை அடுப்போரச் சுவருக்குள் வைத்து மூடுவார்களாம், கெட்டது அண்டாமல் இருக்க. புதுச் செருப்பு ஆகாது, மனுஷக் கால் அதில் பதிந்திருக்க வேண்டும். சரிதான், செருப்புப் போட்ட வீடு நடக்கிறது என்று ஊர் முடிவு செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

ஆனால் மூத்த வீடு, 1669, நடக்கவில்லை. மணி அடிக்கும், பிங்க்ரி தன் வீட்டு வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், கடல் ஏறும், இறங்கும், வீடு கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கும். ஊர் மெல்ல மெல்ல வாய்க்குள் பேசத் தொடங்கியது. அவர் சங்கத்தைக் கூட்டி, உண்மையான பழைய வீடு வைத்த இடத்தில் நிற்கும், நடப்பதெல்லாம் மரச்சட்டத்தில் கோளாறு என்று அறிக்கை போட்டார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, இங்கே முகத்துக்கு நேரே பேச மாட்டார்கள். அதுவே அவரை உள்ளுக்குள் அரித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற மூன்று வீடும் மேட்டில் இருந்தவை, அவற்றுக்கு நடை என்பது சும்மா காலாறப் போவது. டார்லீன் வீட்டுக்கு அப்படியில்லை. அது புறப்பட்ட அன்று சமையலறைக்கும் கரை விளிம்புக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான். டிசம்பர் மாதம் இரண்டு புயலில் பழைய அஸ்திவாரம் கல் கல்லாகக் கடலுக்குள் போனது, பிறகு பாதையில் பாதி போனது. வீடு முன்னால் போகக் கடல் பின்னாலேயே வந்தது. மேலே தேவாலயத்து மேட்டில் ஊர் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தது, அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்தது. புது வருஷத்தன்று வீடு பிங்க்ரியின் மதிலோரம் வந்து மூக்கை வைத்து நின்றது. சுண்ணாம்பில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய இடுப்பளவு மதில், சுற்றிப் போக வழியில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சதுப்பு.

காலை எட்டு மணிக்கு டார்லீன் போய்க் கதவைத் தட்டினாள். இன்னிக்கு என்றாள். அந்த மதில் 1669இலிருந்து நிற்கிறது, ஒரு கல்லை அசைக்கவும் சங்கம் சம்மதிக்காது என்றார் பிங்க்ரி. சரி என்று திரும்பிவிட்டாள். மறுநாள் எட்டு மணிக்கு மறுபடியும் தட்டினாள். இப்படியே பத்து நாள், இருபது நாள், முப்பது நாள். பனி கொட்டினாலும் போனாள், காய்ச்சலில் கண் சிவந்து கிடந்த அன்றும் போனாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் போனாள். ஒரு நாள் கூடக் குரலை உயர்த்தவில்லை, ஒரு நாள் கூட எட்டு ஐந்துக்குப் போகவில்லை. அவர் முடியாது என்பார், இவள் நாளைக்கு வருகிறேன் என்பாள். அந்தக் கதவின் பித்தளை வளையத்தில் அவள் கை பட்ட இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது.

எனக்குத்தான் பொறுமை இல்லை, எங்கள் ஊர் ரத்தம். ஊர்க்கூட்டத்துக்குப் போ என்றேன், வக்கீலிடம் போ என்றேன், அதுவும் ஆகாதென்றால் அந்த ஆள் கடைக்குப் போகிற நேரம் பார்த்து ஆளுக்கொரு கடப்பாரையாக நாலு பேர் போய்க் கல்லைப் புரட்டிப் போடுவோம், பிறகு வந்ததைப் பார்ப்போம் என்றேன். அவள் கூண்டுக்கு வலை பின்னிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"கேட்டு வாங்கினாத்தான் பூ, அது வழி. கேக்காம எடுத்தா அது வெறும் ஓட்டை. ஓட்டை வழியா என் வீடு போகாது."

உன் வீடு போகாவிட்டால் கடலுக்குள் போகும் என்று கத்தினேன். தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ராத்திரியில் அலைச்சத்தம் தலைமாட்டிலேயே கேட்கிறது என்று அப்போதுதான் முதல் தடவையாக ஒப்புக்கொண்டாள். அந்த வீட்டில் பிறந்தவள், அதில்தான் புருஷனை வாரிக்கொடுத்தாள், அது போனால் வேறு போக்கிடம் கிடையாது. சொல்லிவிட்டு வலையைத் தொடர்ந்து பின்னினாள். நான் வெளியே வந்து ஒருதரம் அளந்தேன், விளிம்புக்கு இருபத்தாறடி.

பிப்ரவரி பத்தாம் தேதி பெரும்புயல் வரும் என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். அன்று கடல் ஏறும் நேரம் பகல் பதினொன்று நாற்பது. விடியும்போதே வானம் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது, காற்று ஆளைத் தள்ளியது, விளிம்புக்குப் பதினெட்டடி. எட்டு மணிக்கு டார்லீன் போய்க் கதவைத் தட்டினாள், நாற்பத்தோராவது தடவை. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் நின்று பார்த்தேன். பிங்க்ரி கதவைத் திறந்தார், முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார்.

பத்து மணிக்குள் ஊரில் பாதி பேர் வந்துவிட்டார்கள். கட்டில், பீரோவை ஏற்ற லாரி கொண்டுவந்திருந்தார்கள். டார்லீன் ஒரு நாற்காலியைக்கூட வெளியே எடுக்க விடவில்லை. வீடு போனால் நாற்காலி எதற்கு என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பது ஐம்பது பேர் மழைக்கோட்டோடு அந்த மதிலைப் பார்த்தபடி நின்றார்கள், ஒருத்தராவது கை வைப்பார்களா என்றால் மாட்டார்கள். அடுத்தவன் கல்லை அவன் சொல்லாமல் தொடுவதில்லை என்பது இவர்களுக்கு எலும்பில் ஊறியது. விளிம்புக்குப் பதினோரு அடி.

பத்தரைக்குப் பிங்க்ரி வாசலுக்கு வந்தார். டார்லீனைக் கையசைத்துக் கூப்பிட்டார், நானும் வரலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை, கூடவே போய்விட்டேன். முன்னறையில் புகைபோக்கி ஓரத்துப் பலகை கழற்றிச் சாய்த்து வைத்திருந்தது. உள்ளே வெறும் பொந்து. கழற்றிய பலகையின் பின்புறத்தில் தச்சன் கரியால் கிறுக்கியிருந்தான், 1811.

"நவம்பர்லயே திறந்து பாத்துட்டேன்," என்றார். "செருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுக்கு ஆயிரத்து அறுநூத்து அறுபத்தொன்பதுன்னு எங்க தாத்தா சொன்னார், நானும் சொன்னேன். உங்க வீடு என் வாசலைத் தாண்டி நடந்து போனா, நிக்கிற வீடு எதுன்னு ஊரே பாக்கும். அதான்."

டார்லீன் அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன், உதடு வெளுத்துவிட்டது.

"நாப்பத்தொரு நாள்," என்றாள். "ஒரு வருஷப் பலகைக்காக என் வீட்டைக் கடலுக்குக் குடுக்கப் பாத்தீங்க."

"ஆமா," என்றார் பிங்க்ரி. மழுப்பவில்லை, அதை அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும். கண் கலங்கியிருந்தது. "காலைல கேட்டீங்களே. சரி."

வெளியே வந்து, தொப்பிகூட இல்லாமல் மழையில் நேரே மதிலுக்குப் போனார், மேல் வரிசைக் கல் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார், பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் கையில் கொடுத்தார். அவ்வளவுதான், அந்த ஒரு கல்லுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்ததுபோல ஊரே மதில்மேல் விழுந்தது. தபால்காரன், குழாய்க்காரன், சர்ச் பாஸ்டர், பள்ளிக்கூட டீச்சர், மற்ற மூன்று பழைய வீட்டுக்காரர்கள், எல்லோரும் வரிசை கட்டிக் கல்லைக் கைமாற்றினார்கள், விரல் நசுங்கியது, நகம் பெயர்ந்தது, அலை விளிம்பில் அடித்து உப்புத்தண்ணீர் எங்கள் தலையில் வந்து விழுந்தது, விளிம்பு ஆறடி ஆகி நாலடி ஆகியது, கீழ் வரிசைக் கல் மண்ணில் புதைந்து வர மாட்டேன் என்றது, கடப்பாரை போட்டு நெம்பினோம், மணி அடித்தது, இன்னும் ஏழு கல், ஐந்து கல், இரண்டு கல். கடைசிக் கல்லை டார்லீனும் பிங்க்ரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டினார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு வீடு எழுந்தது. ஓரடி வைத்தது, நிற்கவில்லை. அடுத்த அடி வைத்தது, அதற்கடுத்த அடி, புகைபோக்கி மழையில் ஆடாமல் அசையாமல் வர, திறந்த வழியில் நுழைந்து, பிங்க்ரியின் புல்தரையைக் கடந்து, அவர் வாசலைத் தாண்டி, ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையாமல் நடந்துகொண்டே போனது. நான் பின்னாலேயே டேப்பை இழுத்துக்கொண்டு ஓடினேன். எண்பத்திரண்டு அடி. நாற்பத்தொரு நாள், நாளுக்கு இரண்டு, எடுக்காமல் வைத்திருந்த ஒவ்வோர் அடியையும் அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டு நின்றது. திரும்பிப் பார்த்தால், அது நின்ற இடத்தில் அலை நுரைத்துக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன், நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் எழுத்து கலைந்திருக்கிறது.

எல்லோரும் டார்லீன் வீட்டைச் சுற்றி நிற்க, பிங்க்ரி மட்டும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மதில் இல்லை, முன்னால் வீடு இல்லை, இனிமேல் கடலுக்கு அடுத்தது அவர் வீடுதான், அதற்கோ நடை தெரியாது. டார்லீன் அவரிடம் போனாள். ஏதாவது நாலு வார்த்தை கேட்கப்போகிறாள், கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வலது கால் பூட்ஸைக் கழற்றினாள். பதினாலு வருஷமாகப் படகில் போட்டுத் தேய்ந்த ரப்பர் பூட்ஸ், குதிகாலில் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டியது. உள்ளே இருந்த தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அவர் மடியில் வைத்தாள்.

"புதுசு வேலைக்காகாது," என்றாள். "இது நல்லா நடந்த பூட்ஸ். பலகையை மூடும்போது ஆணி நெருக்கி அடிங்க."

ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஈரச் சாக்ஸுமாகச் சேற்றில் நொண்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் அந்த வீட்டுக்குள் சுத்தியல் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கு நான் அளக்கப் போனேன். கரை விளிம்பிலிருந்து தொடங்கி, டார்லீன் வீட்டை அளந்துவிட்டு, வழக்கமாக எழுத ஒன்றுமே இல்லாத பிங்க்ரி வீட்டுக்கும் போனேன். முகப்பில் அந்த வெள்ளைப் பலகையில் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, ஈரம் காயாத கறுப்புப் பெயிண்டில், கட்டியவர் தெரியாது, 1811 என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். வாசற்படிக் கல்லுக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே புதுமண் தெரிந்தது. குனிந்து டேப்பை வைத்தேன், ஏழு அங்குலம். முதல் அடி, அவ்வளவுதான் வந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது எட்டு மணி. பிங்க்ரி கோட்டுப் போட்டுத் தலை வாரிக்கொண்டு, நசுங்கிய விரலில் கட்டோடு, புல்தரையில் நடந்து போய், தன் வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த டோல் வீட்டுக் கதவைத் தட்டினார். டார்லீன் திறந்தாள், காலில் அவள் புருஷனுடைய பழைய ஷூ, இரண்டு அளவு பெரிசு.

"இன்னிக்கு?" என்றார் பிங்க்ரி.

அவள் அவர் தோளுக்கு மேலே, பின்னால் ஏழு அங்குலம் எழுந்து வந்து நிற்கிற வீட்டைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். "காப்பி இருக்கு, உள்ள வாங்க."